டிசம்பரில் யாருக்கு என்ன வாழ்த்து சொல்லி மாட்டிக்கொண்டீர்கள்?

புதுவரவு:
அமெரிக்கா வந்த முதல் டிசம்பரில் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் ‘மெரி கிறிஸ்மஸ்’ சொன்னேன். லிஃப்டில் வந்தவர், தபால்காரர், யாரையும் விடவில்லை. ஒருவர் சிரித்துக்கொண்டே “நான் யூதன்” என்றார். அப்புறம் ஆள் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தேன்.

எங்கள் குழுவில் எத்தியோப்பியர் ஒருவர் இருந்தார். கழுத்தில் மரச்சிலுவை. இவரிடம் தைரியமாகச் சொல்லலாம் என்று 24ஆம் தேதி மாலை போய்ச் சொன்னேன். நன்றி சொல்லிவிட்டு, “எனக்கு இன்னும் இரண்டு வாரம் நோன்பு பாக்கி இருக்கிறது” என்றார்.

எத்தியோப்பியத் திருச்சபையின் நாட்காட்டிப்படி கிறிஸ்மஸ் ஜனவரி 7ஆம் தேதிதான் வரும். அதற்கு முன்னால் 43 நாள் நோன்பு. இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடமாட்டார்கள். அலுவலக விருந்தில் அவர் வெறும் சாலட்டோடு நின்றதன் காரணம் அப்போதுதான் உறைத்தது. நாங்களோ “டயட்டா?” என்று கிண்டல் செய்திருந்தோம்.

அடுத்த வருடம் ஜனவரி 7 அன்று விடுப்பு கிடைக்காமல் அவர் வேலைக்கு வந்திருந்தார். மேஜைக்குப் போய் ‘மெல்காம் கென்னா’ என்றேன். இணையத்தில் பார்த்து மனப்பாடம் செய்தது. மனிதர் உடனே மனைவிக்கு போன் போட்டு என் முன்னால் நீட்டினார். “இன்னொரு தடவை சொல்லுங்கள்.” என் உச்சரிப்பைக் கேட்டு மறுமுனையில் அந்த அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

இரவுப்பணி:
நான் செவிலியர். எங்கள் தளத்தில் யூதர் ஒருவர் ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 24 இரவுப் பணியைத் தானே கேட்டு வாங்கிக்கொள்வார். “குழந்தை குட்டிக்காரர்கள் வீட்டுக்குப் போங்கள்” என்பார். யூதர்களின் புனித நோன்பு நாளான யோம் கிப்பூர் அன்று அவருடைய பணியை நாங்கள் பார்ப்போம். இதெல்லாம் எந்த விதிமுறையிலும் எழுதியிருக்காது.

யூத நாட்காட்டி நிலாவை ஒட்டிப் போவதால், எட்டு நாள் விளக்குப் பண்டிகையான ஹனுக்கா ஒரு வருடம் நவம்பர் கடைசியில் வரும், இன்னொரு வருடம் டிசம்பர் கடைசியில் வரும். 2024இல் முதல் விளக்கு ஏற்றும் மாலை சரியாக டிசம்பர் 25 அன்று வந்தது. அவரோ 24 இரவும் பார்த்துவிட்டு, 25 இரவுக்கும் பெயர் கொடுத்திருந்தார். பழக்கதோஷம்! கிறிஸ்தவத் தோழி ஒருத்தி தன் வீட்டு விருந்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றாள். கையில் இரண்டு மெழுகுவத்திகள். முதல் நாளுக்கு ஒன்று, அதை ஏற்றுவதற்கான ‘ஷமாஷ்’ ஒன்று. எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். “பதினோரு வருடமாக நீ சொல்லிக்கொண்டுதானே இருக்கிறாய், போ” என்று துரத்திவிட்டாள்.

கல்லாப்பெட்டி:
மேலே இருப்பவை நல்ல கதைகள். என் கதை அவ்வளவு இனிப்பாக இருக்காது. படிக்கும்போது ஒரு பெரிய கடையில் பில் போட்டேன். எல்லா மதத்தாருக்கும் பொதுவாக ‘ஹாப்பி ஹாலிடேஸ்’ மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று மேலாளர் உத்தரவு. ஒரு பெரியவர், “கிறிஸ்மஸ் என்று சொல்ல வாய் வலிக்கிறதா?” என்று கத்திவிட்டுப் போனார். எட்டு மணி நேரம் நின்ற காலோடு அதையும் கேட்டுக்கொண்டேன்.

இந்தச் சண்டையே எனக்குப் புரிவதில்லை. ‘ஹாலிடே’ என்ற சொல்லே புனித நாள் என்ற பொருளில் பிறந்ததுதான். இன்னொரு வேடிக்கை: மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்மஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். போட்டவர்கள் வேறு மதத்தார் இல்லை, பியூரிட்டன் கிறிஸ்தவர்கள்தான்! சரி, அதை விடுங்கள். எதிரில் இருப்பவர் எதைச் சொல்கிறாரோ அதையே திருப்பிச் சொல்வது என்று அன்றே முடிவு செய்தேன். ஒருவர் ‘ஹாப்பி குவான்சா’ என்றார். அதுவும் சொன்னேன். டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் கொண்டாடுவது, 1966இல் தொடங்கியது என்பதெல்லாம் அறைக்குப் போய்த் தேடித்தான் தெரிந்துகொண்டேன்.

வாடகை அறை:
மொன்டானாவில் நான் தங்கியிருந்த வீட்டு அம்மா தேவாலயத்தைத் தவறவிடாதவர். ஆனால் டிசம்பரில் கிறிஸ்மஸ் மரத்துக்குப் பக்கத்து ஜன்னலில் பழுப்பேறிய செய்தித்தாள் பக்கம் ஒன்றை ஒட்டுவார். பக்கம் முழுக்க, ஹனுக்காவில் யூதர்கள் ஏற்றும் மெனோரா விளக்குப் படம். 1993 டிசம்பரில் அதே மொன்டானாவின் பில்லிங்ஸ் நகரில், மெனோரா படம் ஒட்டியிருந்த யூதச் சிறுவனின் அறை ஜன்னலில் யாரோ கல்லெறிந்தார்கள். உள்ளூர் நாளிதழ் முழுப் பக்கத்துக்கு மெனோராவை அச்சிட்டது. ஆயிரக்கணக்கான வீடுகள் அதைத் தங்கள் ஜன்னலில் ஒட்டின. “பயமாக இல்லையா?” என்று கேட்டேன். “இருந்தது. கணவர் திட்டினார். டேப் எடுத்துக் கொடுத்ததும் அவர்தான்” என்றார்.

மூன்றாம் மாடி:
எங்கள் எதிர்வீட்டில் ‘யெகோவாவின் சாட்சிகள்’ என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். கிறிஸ்மஸ் கொண்டாட மாட்டார்கள். நான் கொடுத்த அட்டையை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. அந்த வாரம் நல்ல பனி. என் காரைச் சுத்தம் செய்யும்போது அவர்கள் கார் கண்ணாடியையும் சேர்த்து வழித்துவிட்டேன். மறுநாள் காலை என் கார் பளிச்சென்று நின்றது. பிப்ரவரி வரை யார் முதலில் எழுந்திருப்பது என்ற போட்டியாகவே ஆகிவிட்டது.