லிஸ்டட் இன்வெஸ்ட்மென்ட் கம்பெனி: "பங்கிருப்பு நிறுவனம்" சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம், ஆஸ்திரேலியாவுல லிஸ்டட் இன்வெஸ்ட்மென்ட் கம்பெனின்னு (சுருக்கமா LIC) சொல்றதுக்கு "பங்கிருப்பு நிறுவனம்"னு வெக்கலாமான்னு கேட்டிருந்தேன், அதுக்கு நீங்க எழுதின கேள்விகளுக்குப் பதில் இது.

> "பட்டியலிடப்பட்ட முதலீட்டு நிறுவனம்" என்று நேராகவே வைத்துக்கொள்ளலாமே, எதற்குப் புதுச்சொல்?

ஐயா, நானும் மொதல்ல அப்படித்தான் எழுதினேன். மெல்பர்ன்ல நாங்க நாலஞ்சு குடும்பம் மாசம் ஒருதடவ கூடி ஷேர் பத்திப் பேசுவோம், அதுக்காக ஒரு குறிப்பு தமிழ்ல போட்டேன். அதப் படிச்ச ஒரு பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, "முதலீட்டு நிறுவனம்னா ஊர்ல பணத்த வாங்கிட்டு ஓடிடுவாங்களே, அதுவா தம்பி?" அவங்க கேட்டதுல தப்பே இல்ல, நம்ம பேப்பர்ல நிதி நிறுவனம், முதலீட்டு நிறுவனம்னு வந்தாலே பக்கத்துல மோசடின்னு வர்றத எத்தன வருஷமா பாக்கறோம். பட்டியல்ங்கற சொல்லுக்கும் ஏற்கெனவே நெறைய வேல இருக்கு. இங்க எல்லாரும் சுருக்கி எல்ஐசின்னு சொல்றாங்க, அத அப்படியே தமிழ்ல எழுதினா ஆயுள் காப்பீட்டுக் கழகம்தான் கண்ணு முன்னாடி வரும், அதுவும் 2022 மே மாசத்துலேர்ந்து பங்குச்சந்தையில இருக்கு, அதனால அந்த வழி சுத்தமா அடைபட்டுப் போச்சு.

சொல் தேடுறதுக்கு முன்னாடி பொருள் என்னன்னு ஒருதடவ சொல்லிடறேன். இந்தக் கம்பெனிக்குன்னு ஃபாக்டரி கிடையாது, கடை கிடையாது. மத்த கம்பெனிகளோட ஷேர வாங்கி வெச்சிருக்கறதுதான் தொழிலே. ஆஸ்திரேலியன் ஃபவுண்டேஷன் இன்வெஸ்ட்மென்ட் கம்பெனி 1928-ல இருந்து இதத்தான் செய்யுது, அடிலெய்டுல ஆர்கோ 1946-ல இருந்து (கிரிக்கெட் வீரர் டான் பிராட்மன் அதோட இயக்குநரா இருந்தவர்). லண்டன்ல ஃபாரின் அண்ட் கலோனியல் 1868-லயே வந்தாச்சு. நாம மியூச்சுவல் ஃபண்டுல பணம் போட்டா புது யூனிட் குடுப்பாங்க, வேணாம்னா அவங்களே திருப்பி வாங்கிக்குவாங்க. இதுல அப்படி இல்ல, ஷேர் எண்ணிக்கை பெரும்பாலும் அப்படியே நிக்கும், நான் விக்கணும்னா வாங்க இன்னொருத்தர் சந்தைக்கு வந்தாகணும். அதனால ரெண்டு விலை உண்டாகுது, கம்பெனி வெச்சிருக்கற சரக்கோட மதிப்பு ஒண்ணு, சந்தையில கம்பெனி ஷேருக்குக் கெடைக்கற விலை இன்னொண்ணு. இந்த ரெண்டும் வேற வேறன்னு புரியவெக்காத சொல்லு எவ்வளவு இலக்கணமா இருந்தாலும் முதலீட்டாளருக்குப் பிரயோஜனம் இல்லன்னு நான் உறுதியா நெனக்கிறேன்.

அதனாலதான் "இருப்பு"ங்கற சொல்லப் பிடிச்சேன். மளிகைக் கடைக்காரர் சரக்கு இருப்பு பாக்கறார், கையிருப்பு எவ்வளவுன்னு வீட்ல கேக்கறோம், அந்நியச் செலாவணி கையிருப்புன்னு ரேடியோவுலயே கேட்டிருக்கோம். பங்க இருப்பா வெச்சிருக்கற நிறுவனம், பங்கிருப்பு நிறுவனம். அது வெச்சிருக்கறதோட மதிப்பு, இருப்பு மதிப்பு.

> அக்கவுண்டன்சி புத்தகத்தில் "புலனாகும் சொத்து" இருக்கிறதே. நெட் டாஞ்சிபிள் அசெட்டுக்கு "நிகரப் புலனாகும் சொத்து மதிப்பு" சரியாக இருக்கும்.

அக்கா, கணக்குப் புத்தகத்துக்கு அது சரிதான், நான் மறுக்கல. ஆனா புலனாகும் சொத்துன்னா மேசை, நாற்காலி, மெஷின்னுதான் பசங்க படிச்சிருப்பாங்க, இங்க இருக்கறதெல்லாம் டீமேட்ல கெடக்கற ஷேர். தவிர இந்த நெட் டாஞ்சிபிள் அசெட், அதாவது நான் சொல்ற இருப்பு மதிப்பு, அதுல ரெண்டு வகை இருக்கு, ஒவ்வொரு மாசமும் ஆஸ்திரேலியச் சந்தைக்கு அறிவிக்கறப்ப வரிக்கு முன்னாடி ஒண்ணு, வரிக்குப் பின்னாடி ஒண்ணுன்னு போடுவாங்க. ரொம்ப வருஷம் முன்னாடி வாங்கின பேங்க் ஷேரும் பிஎச்பி சுரங்கக் கம்பெனி ஷேரும் வெச்சிருக்கற கம்பெனில இந்த ரெண்டுக்கும் நடுவுல பெரிய இடைவெளி இருக்கும், எல்லாத்தையும் இன்னிக்கே வித்தா கட்டவேண்டிய வரியக் கழிச்சதுதான் ரெண்டாவது எண். ரெண்டு கம்பெனிய ஒப்பிடறப்ப ஒண்ணுக்கு முன் எண்ணையும் இன்னொண்ணுக்குப் பின் எண்ணையும் எடுத்துட்டா கணக்கே தப்பாயிடும். "வரிமுன் இருப்பு மதிப்பு", "வரிப்பின் இருப்பு மதிப்பு"ன்னா வாயிலயும் நிக்கும், இதோட "நிகரப் புலனாகும்"ஐயும் சேத்தா ஒரு வரி முழுக்க ஒரே சொல்லாயிடும்.

இப்ப எனக்கு ரொம்ப உறுத்தற விஷயம், டிஸ்கவுண்ட், அதாவது சந்தை விலை இருப்பு மதிப்ப விடக் கம்மியா இருக்கறது. குறிப்புல நான் தள்ளுபடின்னு எழுதிட்டேன். எங்க மச்சான் அதப் படிச்சிட்டு ஆடித் தள்ளுபடி மாதிரி எடுத்துக்கிட்டார், ஒரு டாலர் சரக்கு 85 சென்ட்டுக்குக் கெடைக்குது, விக்கறப்ப ஒரு டாலர் வரும், 15 சென்ட் லாபம்னு. ரெண்டு வருஷம் கழிச்சு வித்தப்ப சரக்கு மதிப்பு அதே ஒரு டாலர், விலை 82 சென்ட். யாரும் எதையும் அவருக்குத் தள்ளிக் குடுக்கல, சந்தை அப்பவும் குறைச்சலாத்தான் மதிச்சுது, இப்பவும் அப்படித்தான். அந்தச் சொல்லப் போட்டது நான்ங்கறதால இத லேசா விட எனக்கு மனசு வரல. அதுல உண்மையான நன்மை வேற எடத்துல இருக்கு, கம்பெனி ஷேருக்கு 4 சென்ட் டிவிடெண்ட் குடுத்தா ஒரு டாலர் குடுத்தவருக்கு 4 சதவீதம், 85 சென்ட் குடுத்தவருக்கு 4.7 சதவீதம். பாடப்புத்தகத்துல தள்ளுபடி, முனைமம் (பிரீமியம்)னு ரெண்டும் இருக்கறது தெரியும், ஆனா அங்க அளவுகோல் முகமதிப்பு, இங்க இருப்பு மதிப்பு. அதனால "விலைத்தாழ்வு", "விலைமிகை"ன்னு வெக்கலாம்னு சொல்றேன். "15% விலைத்தாழ்வில் இருக்கிறது"ன்னா யாரோ நமக்குச் சலுகை குடுக்கறாங்கன்னு தோணாது.

> இந்தியாவில் இப்படிப்பட்டவை உண்டா? இல்லையென்றால் சொல் யாருக்கு?

தாராளமா உண்டு ஐயா. எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் ஞாபகம் இருக்கும். மொத்தமே 2 லட்சம் ஷேர், கையில இருக்கறதுல பெருசு ஏஷியன் பெயின்ட்ஸ் ஷேர். புத்தக மதிப்பு ஷேருக்கு 5,85,225 ரூபா, அப்ப சந்தையில விலை 3.53 ரூபா. அந்த விலைக்கு யார் விப்பாங்க, யாருமே விக்காம அந்த விலை அப்படியே உறைஞ்சு கெடந்தது. பங்குச்சந்தையக் கண்காணிக்கற செபி 2024 ஜூன்ல இந்த மாதிரி கம்பெனிகளுக்குத் தனி ஏலம் வெக்கச் சொல்லி, அக்டோபர் 29-ம் தேதி அது 2,36,250 ரூபாய்க்கு வந்து நின்னுச்சு. எல்லாரும் பேசினது அந்தத் தாவலப் பத்தி. நான் பாக்கறது என்னன்னா, அத்தன ஏறினதுக்கு அப்புறமும் அன்னிக்கு அந்தப் புத்தக மதிப்புல 40 சதவீதம்தான், 60 சதவீத விலைத்தாழ்வு. நிறுவனர் குடும்பம் அந்தப் பங்க விக்கப் போறதில்லன்னு வாங்கறவங்களுக்குத் தெரியும், அதனாலதான் அவ்வளவு கம்மியாக் குடுக்கறாங்கன்னு நான் எடுத்துக்கறேன்.

இங்கதான் அக்கா போன மடல்ல கேட்டதுக்கு வரேன், ஹோல்டிங் கம்பெனியும் இதுவும் ஒண்ணான்னு. ஒண்ணு இல்ல, ஆனா சொந்தம். சென்னையில சோழமண்டலம் ஃபைனான்ஷியல் ஹோல்டிங்ஸ் மாதிரி குழுமத்துப் பங்க வெச்சிருக்கறது ஒரு வகை, பல துறையில பரவலா வாங்கி வெக்கற ஆர்கோ மாதிரி இன்னொண்ணு. "குழுமப் பங்கிருப்பு", "பரவல் பங்கிருப்பு"ன்னு பிரிச்சுக்கலாம். ரெண்டோட விலைத்தாழ்வையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு இது மலிவு அது கிராக்கின்னு சொல்லக்கூடாது, அது வேற காரணம் இது வேற காரணம். பரவல் வகைக்குள்ளயே ஒப்பிட்டா கட்டணத்தையும் பாக்கணும். நிர்வாகச் செலவு 0.2 சதவீதத்துக்கும் கீழ இருக்கறதும் உண்டு, 1 சதவீதம் எடுத்துக்கிட்டு அதுக்கு மேல அளவுகோலத் தாண்டின லாபத்துல 20 சதவீதம் எடுக்கறதும் உண்டு. இருப்பு மதிப்பு வளர்ச்சிய பங்குச்சந்தை இண்டெக்ஸோட வெச்சுப் பாக்கறப்ப, கம்பெனி தன் லாபத்துக்கு 30 சதவீத வரி கட்டினதுக்கு அப்புறம் வர்ற எண் அது, இண்டெக்ஸ் வரியே கட்டாதுங்கறதையும் மறக்கக்கூடாது.

இன்னும் எனக்குப் பிடிபடாதது "ஃப்ராங்கிங் கிரெடிட்". கம்பெனி கட்டின வரிய நம்ம கணக்குல வரவு வெக்கறது, ஆஸ்திரேலியாவுல 1987-லேர்ந்து இருக்கு. "வரி வரவு"ன்னு எழுதிப் பாத்தேன், அரசுக்கு வர்ற வரி வரவுன்னு படிக்கத் தோணுது. "முன்கட்டு வரவு"ன்னா எப்படி இருக்கும் அக்கா? குறிப்ப அடுத்த மாசக் கூட்டத்துக்கு முன்னாடி திருத்தி அனுப்பணும், தள்ளுபடின்னு போட்ட எடத்த எல்லாம் மொதல்ல மாத்திட்டேன்.