புதுப்பிப்பு: தங்கைக்குத் தற்காப்பு வகுப்பு கிடைத்துவிட்டது

என் தங்கைக்கு எந்தத் தற்காப்பு வகுப்பு நல்லது, ஆசிரியரை எப்படி எடைபோடுவது என்று முன்பு கேட்டிருந்தேன். "சேரும் முன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள்" என்று பலர் சொன்னீர்கள். அதுதான் கைகொடுத்தது.

ஓர் இடத்தில் பணம் கட்டினால்தான் பார்க்கவே விடுவோம் என்றார்கள். சரி, வேண்டாம் என்று வந்துவிட்டோம். இன்னொருவர் முதல் நாளே கத்தியைப் பிடுங்கிக் காட்டினார். எதிரே இருந்த மாணவர் கையை நீட்டியபடி அசையாமல் நின்றார். நிஜத்தில் எவன் அப்படி நிற்பான்?

தங்கை சேர்ந்த வகுப்பில், மணிக்கட்டைப் பிடிக்கும் முன் ஆசிரியை ஒவ்வொருவரிடமும் "பிடிக்கலாமா?" என்று கேட்கிறார். ஒரு பெண் வேண்டாம் என்று தலையசைத்தாள். காரணம் கேட்காமல் அடுத்தவரிடம் போய்விட்டார். எனக்கு அங்கேயே மனசு நிறைந்துவிட்டது. அப்புறம், கவசம் அணிந்தவரை முழு பலத்தோடு அடிக்கவும் பழக்குகிறார்கள்.

"அடி உதைக்கு நடுவே, வாயால் மறுத்துப் பேசும் பயிற்சி எதற்கு?" என்று முன்பு கேட்டவருக்கு: கனடா பல்கலைக்கழக மாணவிகளிடம் நடத்தி 2015-ல் வெளியான ஆய்வைப் பாருங்கள். ஆபத்தை முன்பே உணர்வது, தெரிந்தவரையே எதிர்த்து நிற்பது, பேச்சாலும் உடலாலும் தற்காத்துக்கொள்வது எல்லாம் சேர்ந்த 12 மணி நேரப் பயிற்சி அது. பயிற்சி பெற்றவர்களில் ஓராண்டுக்குள் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் 5.2 சதவீதம். துண்டுப் பிரசுரம் மட்டும் தரப்பட்டவர்களில் 9.8 சதவீதம்.

தங்கையின் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தரையில் செய்யும் பயிற்சிகளை அவளுக்கு மட்டும் நின்றபடி செய்ய ஆசிரியை மாற்றித் தந்திருக்கிறார்.