பனியில் துளை போட 6 அங்குல ஆகரா (திருகுத் துளைப்பான்), 8 அங்குலமா?

உறைஏரி:
உறைந்த ஏரியில் துளை போட்டு பெர்ச், வால்ஐ மீன்கள் இரண்டும் பிடிக்க வேண்டும். பனி 12 அங்குலம் வரை இருக்கும். 18 வோல்ட் டிரில்லில் மாட்டலாமா, கையால் சுற்றலாமா என்று யோசிக்கிறேன். எந்த அளவு ஆகர் சரி?

தக்கை:
பெர்ச் மட்டும் என்றால் 6 தாராளம். வால்ஐயும் வேண்டும், டிரில்லும் இருக்கிறது என்றால் 8 எடுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 6-இன் வர்க்கம் 36, 8-இன் வர்க்கம் 64; அதாவது 8-இல் ஒவ்வொரு துளைக்கும் ஏறக்குறைய 1.8 மடங்கு பனியைச் செதுக்க வேண்டும். கையால் சுற்றுவதானால் 6-லேயே நில்லுங்கள். பெரிய பைக், லேக் டிரவுட் மீன்களுக்குத்தான் 10. துளை விட்டத்துக்குச் சில இடங்களில் சட்ட வரம்பு உண்டு, வாங்குமுன் பாருங்கள்.

முள்தூண்டில்:
டிரில்லில் பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார், அரை அங்குலச் சக் (ஆகரைப் பிடிக்கும் வாய்), பக்கக் கைப்பிடி மூன்றும் கட்டாயம். 8 அங்குல பிளேடு சிக்கினால் முறுக்கு முழுவதும் மணிக்கட்டில்தான் இறங்கும். குறைந்த கியரில் ஓட்டுங்கள். சக்குக்குக் கீழே துளையைவிட அகலமான தட்டு மாட்டுங்கள்; இல்லாவிட்டால், சக் தளர்ந்ததும் ஆகர் ஏரிக்குள் போய்விடும். பேட்டரியைச் சட்டைக்குள் கதகதப்பாக வைத்திருங்கள்.

தக்கை:
6 அங்குலத் துளையில் சோனார் (ஒலியலையால் மீனைக் காட்டும் கருவி) உணரியும் இறங்கினால் தூண்டில் நரம்பு அதில் சுற்றிக்கொள்ளும். மீன் மேலே வரும்போது உணரியை முதலில் தூக்கிவிடுங்கள். துளைத்து முடித்ததும் பிளேடைத் துடைத்துவிடுங்கள். ஈரம் உறைந்தால் கூர் இருந்தும் பனியில் கடிக்காது.