10 வார நாய்க்குட்டி கடிக்கிறது, எப்படிப் பழக்குவது?

எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறை இன நாய்க்குட்டியின் பெயர் மணி, வயது 10 வாரம். 5-வது வாரத்திலேயே தாயிடமிருந்து பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். கூடப் பிறந்ததுகளோடு கடித்து விளையாடித்தான் குட்டிகள் மெதுவாகக் கவ்வப் பழகும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

சாயங்காலம் ஆனால் போதும், மகளின் கொலுசுச் சத்தம் கேட்டுப் பாய்ந்து வந்து கணுக்காலைக் கவ்வுகிறான். பால்பல் ஊசி மாதிரி இறங்குகிறது. நேற்று ரத்தமே வந்துவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவி டாக்டரிடம் காட்டினோம். இப்போது அவள் கட்டிலை விட்டு இறங்கவே பயப்படுகிறாள்.

மூக்கில் தட்டச் சொல்கிறார்கள். எனக்கு மனசில்லை, அடித்தால் கையைக் கண்டாலே மிரளுவான். கடித்ததும் விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்து போகிறேன். என்னிடம் அடங்குகிறான், அவளிடம் இல்லை. ஓடும் குழந்தையைத் துரத்தாமல் இருக்க எப்படிப் பழக்கினீர்கள்? 6 வயதுப் பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுக்கலாம்?