ரீஸ்டோர் விசார்ட் வெற்றி என்கிறது, ஆனால் ஓயு வந்து மறுபடி மாயமாகிறது (அவசரம்)

அவசரக்குடுக்கை
வணக்கம். ஆக்டிவ் டைரக்டரியில் (நிறுவனத்தின் பயனர், கம்ப்யூட்டர் கணக்குகள் இருக்கும் டேட்டாபேஸ்) ஒரு ஓயு (கணக்குகளைப் பிரித்து வைக்கும் ஃபோல்டர் மாதிரி) முழுசாக அழிந்துவிட்டது. பேக்கப் இருக்கிறது. விசார்டை ஓட்டினேன், பிழை எதுவும் காட்டாமல் முடிந்தது. ரீபூட் ஆகி வந்ததும் பார்த்தேன், ஓயு இருந்தது, உள்ளே பயனர் கணக்குகளும் இருந்தன. கொஞ்ச நேரம் கழித்து ரெஃப்ரெஷ் செய்தால் ஒன்றுமே இல்லை. திரும்ப ஓட்டினாலும் அதே கதை. பேக்கப் கெட்டுப்போயிருக்குமா? காலையில் எல்லோரும் லாகின் செய்ய வருவார்கள். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கம்பிவலை
எந்த விசார்ட்? விண்டோஸோடு வருவதா, வேறு மென்பொருளா? சர்வர் பதிப்பு என்ன? டொமைன் கன்ட்ரோலர் (டிசி, ஆக்டிவ் டைரக்டரியின் பிரதியை வைத்து லாகின்களைச் சரிபார்க்கும் சர்வர்) எத்தனை? ஆக்டிவ் டைரக்டரியின் (ஏடி) ரீசைக்கிள் பின், அதாவது அழித்தவற்றை மீட்கும் வசதி, ஏற்கெனவே ஆனில் இருந்ததா? இதெல்லாம் இல்லாமல் சோசியம்தான் சொல்ல முடியும்.

துருவன்
முதலில் டிஎன்எஸ் (சர்வர் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவை) பாருங்கள். ஏடி பிரச்சினை என்றாலே பாதிக்கு மேல் டிஎன்எஸ்தான்.

கம்பிவலை
@துருவன் ஓயு கண்முன்னால் வந்து போகிறது என்கிறார். இதில் டிஎன்எஸ் எங்கே வந்தது?

துருவன்
சரி, அப்போது நேரம். டிசிகளுக்கு நடுவே 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கெர்பரோஸ் (லாகின் சரிபார்ப்பு முறை) ஒத்துக்கொள்ளாது, அப்புறம் எல்லாமே கோணலாகத்தான் போகும்.

பழம்பெருச்சாளி
இந்தக் கேள்வி எத்தனை முறை வந்துவிட்டது! தேடிப் பார்க்கும் பழக்கமே போய்விட்டது. டொமைன் கன்ட்ரோலரைப் பொறுப்பில் எடுப்பதற்கு முன்னால் அத்தாரிடேட்டிவ் ரீஸ்டோருக்கும் (மீட்டதே சரி என்று மற்ற டிசிகளையும் ஏற்கவைப்பது) நான்-அத்தாரிடேட்டிவ் ரீஸ்டோருக்கும் (மீட்ட பிறகு மற்ற டிசிகளின் மாற்றங்களை வாங்கிக்கொள்வது) வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் எல்லாம் விண்டோஸ் 2000 காலத்திலேயே இதைக் கறுப்புத் திரையில் செய்தவர்கள். இப்போது 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்'.

அவசரக்குடுக்கை
சர்வர் 2016. விண்டோஸ் சர்வர் பேக்கப் விசார்ட்தான், சிஸ்டம் ஸ்டேட் (ஏடி டேட்டாபேஸ் உள்ளிட்ட சர்வரின் முக்கிய அமைப்புகள்) ரெக்கவரி. ரீசைக்கிள் பின் யாரும் ஆன் செய்யவில்லை போல. @பழம்பெருச்சாளி அத்தாரிடேட்டிவ் என்று இருந்த பெட்டியில் டிக் போட்டுத்தான் ஓட்டினேன் சார். அப்புறமும் ஏன் போகிறது?

சின்னத்தம்பி
ரீசைக்கிள் பின்னை இப்போது ஆன் செய்துவிட்டு அதிலிருந்து எடுத்துவிடுங்களேன் அண்ணா. அட்மினிஸ்ட்ரேட்டிவ் சென்டரில் ஒரே கிளிக்.

நள்ளிரவு_அட்மின்
@அவசரக்குடுக்கை தயவுசெய்து சின்னத்தம்பி சொன்னதைச் செய்யாதீர்கள். ஆன் செய்த பிறகு அழிபவற்றுக்குத்தான் ரீசைக்கிள் பின் உதவும். ஏற்கெனவே டூம்ஸ்டோனாகி ('அழிந்தது' என்ற குறியோடு) கிடப்பவை, அதை ஆன் செய்த நொடியில் கைக்கு எட்டாத நிலைக்குப் போய்விடும். ஒருமுறை ஆன் செய்தால் திரும்ப ஆஃப் செய்யவும் முடியாது. இந்தக் களேபரம் முடிந்த பிறகு நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

இப்போது உங்கள் டிக் விஷயம். விசார்டில் 'பெர்ஃபார்ம் அன் அத்தாரிடேட்டிவ் ரீஸ்டோர் ஆஃப் ஆக்டிவ் டைரக்டரி ஃபைல்ஸ்' என்று இருந்ததே, அதைத்தானே சொல்கிறீர்கள்? அதைப் படித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த டிக் சிஸ்வால் ஃபோல்டருக்கு மட்டும்தான், அதாவது குரூப் பாலிசி, லாகின் ஸ்கிரிப்ட் கோப்புகளுக்கு. டேட்டாபேஸில் இருக்கும் பயனர், ஓயு எதையும் அது தொடாது. கட்டளை வரியில் வரும் 'ஆத்சிஸ்வால்' என்ற சுவிட்சும் அதுவும் ஒன்றேதான். ஆகவே உங்கள் பேக்கப்பில் குறை ஒன்றும் இல்லை. ஓயுவை இந்த டிசிக்குக் கொண்டுவந்தீர்கள், ரீபூட் ஆனதும் பக்கத்து டிசி 'இதை அழித்தாயிற்றே' என்று ரெப்ளிகேஷனில் (டிசிகள் தங்களுக்குள் மாற்றங்களைப் பகிர்வதில்) சொன்னது, இதுவும் அழித்துவிட்டது.

வேறு டிசி இருக்கிறதுதானே? அதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.

அவசரக்குடுக்கை
ஆமாம், மொத்தம் மூன்று. இப்போது என்ன செய்யட்டும்?

பழம்பெருச்சாளி
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

நள்ளிரவு_அட்மின்
மறுபடி டிஎஸ்ஆர்எம்மில் (ஏடி ஓடாமல் சர்வரைத் தொடங்கும் பழுதுபார்ப்பு நிலை) பூட் செய்ய வேண்டும். ஆனால் போன முறை எஃப்8 அழுத்திப் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது ஒரு பூட்டுக்குத்தான். ரீஸ்டோர் முடிந்து ரீபூட் ஆகும்போது நேராக நார்மலுக்குப் போய்விடும், அந்த இடைவெளியில்தான் ரெப்ளிகேஷன் புகுந்துகொள்கிறது. இந்த முறை பிசிடிஎடிட்டில் (பூட் அமைப்பை மாற்றும் கட்டளை) சேஃப்பூட் மதிப்பை டிஎஸ்ரிப்பேர் என்று வைத்துவிடுங்கள். நீங்களாக எடுக்கும்வரை டிஎஸ்ஆர்எம்மிலேயே நிற்கும்.

விசார்டில் சிஸ்டம் ஸ்டேட்டை மறுபடி ரீஸ்டோர் செய்யுங்கள், அந்த டிக் வேண்டாம். ரீபூட் ஆகி மறுபடி டிஎஸ்ஆர்எம் வந்ததும் என்டிடிஎஸ்யூடில் (ஏடி டேட்டாபேஸைக் கையாளும் கட்டளைக் கருவி) திறந்து, இன்ஸ்டன்ஸை என்டிடிஎஸ் என்று ஆக்டிவேட் செய்து, அத்தாரிடேட்டிவ் ரீஸ்டோருக்குள் போய், ரீஸ்டோர் சப்ட்ரீ என்று ஓயுவின் முழு டிஎன்னை (டைரக்டரியில் அதன் முழு முகவரிப் பெயர்) கொடுங்கள். அந்த ஓயுவை மட்டும். அவசரத்தில் டொமைன் முழுவதற்கும் கொடுத்துவிடாதீர்கள், பேக்கப்புக்குப் பிறகு மற்ற இடங்களில் நடந்த மாற்றமெல்லாம் பழைய நிலைக்குப் போய்விடும்.

இது என்ன செய்கிறது என்றால், அந்த ஆப்ஜெக்ட்களின் பதிப்பு எண்ணை பேக்கப் எடுத்து ஆன ஒவ்வொரு நாளுக்கும் 1,00,000 வீதம் ஏற்றிவிடும். மற்ற டிசிகளிடம் இருக்கும் 'அழிந்தது' என்ற பதிவைவிட இது புதிது என்று ஆகிவிடும். எஸ்ஐடி (கணக்கின் தனி அடையாள எண், உரிமைகள் இதோடுதான் இணைந்திருக்கும்) பழையதே வரும் என்பதால் ஃபோல்டர் உரிமைகள் கெடாது. கணக்குகளைக் கையால் புதிதாக உருவாக்கக் கூடாது என்பது இதனால்தான். பெயர் அதேதான் இருக்கும், எஸ்ஐடி வேறாகிவிடும்.

கடைசியில் சேஃப்பூட் மதிப்பை நீக்கிவிட்டு நார்மலில் பூட் செய்யுங்கள்.

மேகவண்ணன்
இவ்வளவு பாடு எதற்கு? டிசி விர்ச்சுவல் மெஷினாக இருந்தால் நேற்றைய ஸ்னாப்ஷாட்டுக்கு (அந்த மெஷினின் அப்போதைய நிலையின் பதிவு) போனால் முடிந்தது.

பழம்பெருச்சாளி
ஐயோ! யுஎஸ்என் ரோல்பேக் (டிசி பழைய நிலைக்குப் போய், அதன் மாற்ற எண்கள் மற்ற டிசிகளோடு ஒத்துப்போகாமல் போவது) என்று கேள்விப்பட்டதில்லையா? நிகழ்வு 2095 வந்து, நெட்லாகன் (லாகின் சேவை) நின்று, ரெப்ளிகேஷன் இரு பக்கமும் முடங்கி, கடைசியில் அந்த டிசியையே பிடுங்கி எறிய வேண்டிவரும்.

மேகவண்ணன்
அது அந்தக் காலம் பெரியவரே. சர்வர் 2012-இல் விஎம் ஜெனரேஷன் ஐடி (விர்ச்சுவல் மெஷின் பழைய நிலைக்குப் போனதைக் காட்டும் எண்) வந்தாயிற்று. ஸ்னாப்ஷாட்டுக்குப் போனால் டிசிக்கே தெரிந்துவிடும், இன்வொகேஷன் ஐடியை (ரெப்ளிகேஷனில் அதன் டேட்டாபேஸின் அடையாளம்) மாற்றி, ரிட் தொகுப்பை (புதிய எஸ்ஐடிகளுக்கான எண்கள்) தூக்கிப்போட்டு, பத்திரமாக வரும்.

பழம்பெருச்சாளி
ஹைப்பர்வைசருக்கும் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்) அந்த வசதி இருந்தால்தான். இருக்கிறதா என்று அவரிடம் கேட்டீர்களா? ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மேகவண்ணன்
ஆகாது என்பது வேறு, ஆபத்து என்பது வேறு. நான் ஆபத்து இல்லை என்றுதான் சொன்னேன்.

கம்பிவலை
நீங்கள் இருவரும் சொல்வது சரியாகவே இருந்தாலும் இவருக்கு இரண்டும் பயனில்லை. பத்திரமாக வருகிற டிசி, வந்ததும் பக்கத்து டிசியிடம் கேட்டு மறுபடி அந்த ஓயுவை அழிக்கத்தான் போகிறது. இப்போது நடப்பதும் அதுதான். சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்களேன்.

அவசரக்குடுக்கை
என்டிடிஎஸ்யூடில்லில் சப்ட்ரீ கொடுத்தால் தொடரியல் பிழை என்கிறது!!

கம்பிவலை
ஓயு பெயரில் இடைவெளி இருக்கிறதா? டிஎன் முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள்.

துருவன்
இருந்தாலும் டிஎன்எஸ்ஸையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

நள்ளிரவு_அட்மின்
மேற்கோள் போட்டுக் கொடுத்ததும் உறுதிப்படுத்தச் சொல்லும், 'எஸ்' கொடுங்கள். முடிந்ததும் எத்தனை ரெக்கார்டு புதுப்பித்தது என்று காட்டும், அந்த எண்ணிக்கை உங்கள் பயனர் எண்ணிக்கையோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறதா பாருங்கள். அதே ஃபோல்டரில் ஏஆர் என்று தொடங்கும் ஒரு உரைக் கோப்பும், லிங்க்ஸ் என்று பெயரில் வரும் எல்டிஎஃப் கோப்பும் உருவாகியிருக்கும். அழித்துவிடாதீர்கள். குரூப் உறுப்பினர் விவரம் அந்த எல்டிஎஃப் கோப்பில்தான் இருக்கிறது. யாராவது 'எனக்கு இந்த ஃபோல்டர் திறக்கவில்லை' என்று வந்தால், எல்டிஐஎஃப்டிஈ (ஏடிக்குள் இப்படிப்பட்ட கோப்பை ஏற்றும் கட்டளை) மூலம் அந்தக் கோப்பை இம்போர்ட் செய்யலாம்.

அவசரக்குடுக்கை
வந்துவிட்டது. மூன்று டிசியிலும் இருக்கிறது, போகவில்லை. எல்லோருக்கும் நன்றி. சிலருக்கு மட்டும் பாஸ்வேர்டு தப்பு என்கிறது, பார்க்கிறேன்.

நள்ளிரவு_அட்மின்
பேக்கப் எடுத்த நாளில் இருந்த பாஸ்வேர்டுதான் திரும்பி வந்திருக்கும். பிறகு மாற்றியவர்களுக்கு ரீசெட் செய்துகொடுங்கள். அந்த ஓயுவில் கம்ப்யூட்டர் கணக்குகளும் இருந்தால் சிலவற்றில் டொமைன் டிரஸ்ட் (டொமைனோடு உள்ள நம்பிக்கைத் தொடர்பு) உடைந்திருக்கலாம், கம்ப்யூட்டரும் இயல்பாக 30 நாளுக்கு ஒருமுறை தன் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்கிறது. அப்புறம், ஓயுவில் 'தவறுதலாக அழிவதிலிருந்து பாதுகாப்பு' டிக் போட்டுவிடுங்கள். இந்த டிக் சொன்னதைச் செய்யும்.

சின்னத்தம்பி
அண்ணா, எங்களிடம் கடைசி பேக்கப் நான்கு மாதம் பழையது. அதிலிருந்தும் இப்படி எடுக்கலாமா?

கம்பிவலை
டூம்ஸ்டோன் ஆயுளை (அழிந்தது என்ற பதிவு நீங்காமல் இருக்கும் காலம், பேக்கப் அதைவிடப் பழையதாக இருக்கக் கூடாது) பொறுத்தது. 180 நாள் என்றால் எடுக்கலாம். ஆனால் ஃபாரஸ்ட் (ஏடியின் மொத்த அமைப்பு) சர்வர் 2003 எஸ்பி1-க்கு முன்னால் உருவாகி, பிறகு அப்படியே அப்கிரேட் ஆகிவந்தது என்றால் இன்னும் 60 நாளிலேயே நிற்கும். ஏடிஎஸ்ஐ எடிட்டில் (ஏடியின் மதிப்புகளை நேரடியாகப் பார்க்கும் கருவி) டைரக்டரி சர்வீஸின் ப்ராப்பர்ட்டியில் அந்த மதிப்பைப் பாருங்கள். காலியாக இருந்தாலும் 60 என்றுதான் அர்த்தம்.

சின்னத்தம்பி
காலியாகத்தான் இருக்கிறது.