வைஃபை டிரைவர் பேக்கேஜ்: உரிமம் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்தின் பழைய கணினிகளில் டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்) போட்டுக் கொடுத்தேன். அவர்களுடைய யூஎஸ்பி வைஃபை டாங்கிளுக்குக் கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) டிரைவர் இல்லை. தயாரிப்பாளர் தந்த மூலநிரலை டிகேஎம்எஸ் என்ற கருவியோடு சேர்த்து, டெபியனில் நிறுவக்கூடிய டெப் பேக்கேஜாகக் கட்டிவிட்டேன். இனி கெர்னல் அப்டேட் ஆனால் தானே மறுபடி கம்பைல் ஆகிக்கொள்ளும். அதற்காக 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டாம்.

இப்போது வேறு கடைக்காரர்களும் அந்தப் பேக்கேஜைக் கேட்கிறார்கள். அப்புறம்தான் உரிமத்தைப் பார்த்தேன். மூலநிரலில் டிரைவரின் உரிமத்தைக் கெர்னலுக்குச் சொல்லும் மாட்யூல் லைசென்ஸ் வரியில் ஜிபிஎல் (பகிர அனுமதிக்கும் கட்டற்ற மென்பொருள் உரிமம்) என்று இருக்கிறது. ஆனால் இரண்டு கோப்புகளின் தலைப்பில் 'அனுமதியின்றி விநியோகிக்கக் கூடாது' என்று எழுதியிருக்கிறது. எதை நம்புவது? அந்த மாட்யூல் லைசென்ஸ் வரியை ப்ரொப்ரைட்டரி (தனியுரிமை) என்று மாற்றினால் கெர்னல் டெயின்ட் ஆவது (கட்டற்றதல்லாத மாட்யூல் ஏறியதாகக் குறிக்கப்படுவது) ஒரு பக்கம்; ஜிபிஎல் மாட்யூல்களுக்கு மட்டுமான யூஎஸ்பி சிம்பல்கள் (டிரைவர் அழைக்கும் கெர்னல் செயற்கூறுகள்) கிடைக்காமல் டிரைவரே ஏறாது.

டாங்கிளுக்குள்ளேயே இயங்கும் ஃபர்ம்வேரின் பின் (பைனரி) கோப்புக்கோ உரிமமே எழுதவில்லை. டெபியனில் கட்டற்றதல்லாத ஃபர்ம்வேருக்கென்றே நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் பிரிவு இருந்தாலும், விநியோகிக்க அனுமதி இருந்தால்தானே அதில்கூடச் சேர்ப்பார்கள்?

ஃபர்ம்வேரை விட்டுவிட்டு மூலநிரலை மட்டும் கொடுக்கலாமா? வாடிக்கையாளர் கணினியில் நான் நிறுவித் தந்ததே விநியோகக் கணக்கில் வருமா? தயாரிப்பாளருக்கு இரண்டு மின்னஞ்சல் போட்டும் பதில் இல்லை. இப்படி மாட்டிக்கொண்டு வெளியே வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.