கல்வெட்டா, வாடகையா: எங்க வீட்டு குரூப்ல ஓடுன பேச்சு

சனிக்கிழமை

பெரியண்ணன்: எல்லாருக்கும் தோத்திரம். நல்ல சேதி ஒன்னு. இன்னைக்கு சபை கமிட்டில பேசி முடிச்சாச்சு. இந்த வருச ஸ்தோத்திரப் பண்டிகைல மிஷனெரி காணிக்கையும், காணிக்கைப் பொருள ஏலம் விட்ட காசும் சேத்து 3 லட்சம் தாண்டிட்டு, அத அப்படியே நம்ம தங்கச்சி மாப்பிள்ளை ஊழியத்துக்கு மும்பைல ஆலயம் கட்ட குடுக்கலாம்னு தீர்மானம். பாஸ்டர் ஐயரும் சரின்னுட்டாவ. இடத்தோட போட்டோ, பிளான் ரெண்டையும் திங்கக்கிழமைக்குள்ள அனுப்பணும்

பெரியண்ணன்: கல்வெட்டுக்கு மேட்டர் டைப் பண்ணி வச்சிட்டேன். மேல உபயம்னு சபை பேரு, கீழ கமிட்டி ஆளுக. அம்மா நினைவா ஒரு வரியும் போடலாம்னு இருக்கேன்

சாயர்புரம் சித்தி: ஆமென் ஆமென் 🙏🙏 கர்த்தர் பெரிய காரியம் செய்தார்

துபாய் அண்ணன்: சூப்பர்ணே. ஆனா 3 லட்சத்துக்கு மும்பைல ஒரு கக்கூஸ் கட்ட முடியுமா

பெரியண்ணன்: நீ எப்பவும் இப்படித்தான் பேசுவ. ஆரம்பத்துக்குத்தானல குடுக்கோம்

நான்: அக்காவுக்கு ப்ளூ டிக் விழுந்து அரைமணி நேரம் ஆச்சு. அக்கா ஏதாவது சொல்லு

மும்பை அக்கா: இப்பதான் டியூசன் பிள்ளைங்க போச்சு. அண்ணே ரொம்ப சந்தோசம், எல்லார்ட்டயும் நன்றி சொல்லுங்க. ஆனா எங்ககிட்ட இடம்னு ஒன்னும் கிடையாதே, எதைப் போட்டோ எடுத்து அனுப்ப

பெரியண்ணன்: அப்ப இத்தனை வருசமா ஆராதனை எங்க நடத்துதீங்க

மும்பை அக்கா: ஒரு வாட்டி வந்து பாத்திருந்தா கேக்க மாட்டீங்க 😀 தாராவி 90 அடி ரோட்டுலருந்து உள்ள போற சந்து, ரெண்டு பேரு எதிர் எதிரா வந்தா ஒருத்தர் சுவத்தோட ஒட்டி நிக்கணும், கீழ தோல் பை தைக்கிற பட்டறை, அதுக்கு மேல ஒரே ரூம், அதான் எங்க ஆலயம். படி கிடையாது, இரும்பு ஏணி, அதும் செங்குத்தா நிக்கும், பக்கத்துல ஒரு கயிறு தொங்கும் அதப் பிடிச்சுதான் ஏறணும். வயசானவங்கள நான் முன்னால ஏறி கையப் பிடிக்க எங்க வீட்டுக்காரரு கீழ நின்னு தாங்க அப்படித்தான் மேல கொண்டாறோம். ஞாயித்துக்கிழமை பட்டறை லீவு, மெஷின் சத்தம் இருக்காது, அதுக்காகவே அந்த ரூம எடுத்தோம். வாடகை 14 ஆயிரம், 11 மாச அக்ரிமெண்ட், அடுத்த மாசம் முடியுது. ஓனர் டெபாசிட்ட கூட்டிக் கேக்காரு. எங்களுக்கு இப்ப வேண்டியது இதுக்குத்தாண்ணே

பெரியண்ணன்: வாடகைக்கா? வாடகைன்னா கமிட்டில எப்படிச் சொல்லுவேன். சனம் ஆலயம் கட்டன்னு நம்பிதான் ஏலத்துல எலுமிச்சம்பழத்த 5 ஆயிரத்துக்கு எடுத்துருக்கு

துபாய் அண்ணன்: வாடகை குடுத்தா கல்லுல பேரு போட முடியாதுல்லா, அதான சங்கதி

பெரியண்ணன்: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

நான்: அண்ணே டெலிட் பண்ணாதீங்க, எல்லாரும் படிச்சாச்சு

பெரிய மதினி: சாப்பாடு வச்சாச்சு, போன வச்சிட்டு வாங்க

ஞாயிறு

அப்பா: மாப்பிள்ளை ஆராதனை முடிந்து வந்ததும் விளக்கமாக எழுதவும். பெரியவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. நம் ஊர்ப் பக்கம் ஓலைக் கொட்டகையில் ஆரம்பித்த சபைகள்தான் இன்று கோபுரத்தோடு நிற்கின்றன. 1903ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பித்தபோது நம் வெள்ளாளன்விளை அசரியா இந்தியப் பணம் இந்திய ஆட்கள் என்றுதான் தொடங்கினார். அந்த வழியில் வந்தவர்கள் கட்டடம் இல்லாமல் நிற்கலாமா

மும்பை அத்தான்: மாமா தோத்திரம். இப்பதான் ரூமுக்கு வந்தோம். ரெண்டு ஆராதனை, காலைல தமிழ், சாயங்காலம் இந்தி. கொஞ்சம் பெருசா எழுதுறேன் பொறுத்துக்கோங்க

மும்பை அத்தான்: இங்க யாராலயும் புதுசா ஒரு செங்கல் வைக்க முடியாது மாமா. தாராவி மொத்தத்தையும் இடிச்சுக் கட்ட 2022ல ஏலம் விட்டு அதானி குரூப் எடுத்துருக்கு, 5,069 கோடி. 2024ல வீடு வீடா சர்வே ஆரம்பிச்சு, கதவுல நம்பர் எழுதிட்டுப் போனாங்க. கணக்கு எப்படின்னா 2000 ஜனவரி 1க்கு முந்தி தரைத்தளத்துல இருந்ததுக்கு பேப்பர் வச்சிருக்கவங்களுக்கு இங்கயே 350 சதுர அடி வீடு, இலவசம். அதுக்கு அப்புறம் 2011 வரைக்கும் வந்தவங்களுக்கு வெளிய 300 சதுர அடி, ரெண்டரை லட்சம் கட்டணும். மேல் மாடில இருக்கவங்களுக்கு தாராவிக்கு வெளிய வாடகை வீடு, பின்னால பணம் கட்டி சொந்தமாக்கிக்கலாம்னு சொல்லுறாங்க. எங்க சபை ஆளுங்க முக்காவாசி மேல் மாடிதான். இப்ப நீங்க குடுக்கிற காச எந்த மண்ணுல போட

மும்பை அத்தான்: இன்னொன்னு மாமா, ஜனமே ஒரு இடத்துல நிக்கிறதில்ல. வாடகை ஏறுனா நாலாசோப்பாரா, கல்வா, மும்ப்ரான்னு போயிடுவாங்க. போன வருசம் ஞானஸ்நானம் எடுத்த ஒரு குடும்பம் இப்ப நாலாசோப்பாராவுல, அந்த வீட்டு அம்மா அங்க பக்கத்து ரூம்காரங்களக் கூட்டி வச்சு செவ்வாக்கிழமை ஜெபம் நடத்துறாங்க, எங்கள மாசம் ஒரு தடவை வரச் சொல்றாங்க. எங்க பதிவேட்டப் பாத்தா ஆளு குறையுற மாதிரிதான் தெரியும். மிஷன் ஆபீஸ்ல இருந்து ஏன் வளர்ச்சி இல்லன்னு கேட்டாங்க, இத பதிவேட்டுல எந்தக் கட்டத்துல எழுதன்னு எனக்குத் தெரியல

துபாய் அண்ணன்: அப்ப நாலாசோப்பாராவுலயே ஒரு பிளாட் வாங்கிப் போடுங்க மச்சான், சீப்பாத்தான இருக்கும்

மும்பை அக்கா: வாங்கிட்டு? நாங்களும் அங்க போயிட்டா இங்க யாரு இருப்பா. லோக்கல் டிரெயின் ஏறி ஞாயித்துக்கிழமை மட்டும் வந்து பிரசங்கம் பண்ணிட்டுப் போற ஆள இந்த சந்துல விருந்தாளியாத்தான் பாப்பாங்க. தண்ணி காலைல ரெண்டு மணி நேரம்தான் வரும், டிரம்ம வரிசைல வச்சிட்டு நிக்கும்போது பேசுற பேச்சுலதான் யார் வீட்டுல என்ன நடக்குன்னு தெரியும். இட்லிக்காரங்க சந்து ஒன்னு இருக்கு, எல்லாம் நம்ம திருநெல்வேலிப் பக்கத்து ஆளுக. சாயங்காலம் மாவாட்டணும், ராத்திரி 2 மணிக்கு எந்திச்சு அவிக்கணும், விடியுமுன்ன ஆம்பளைங்க சைக்கிள்ல டபராவக் கட்டிக்கிட்டு ஹாரன் அடிச்சிட்டு மும்பை பூரா போயிருவாங்க. அந்த சந்துல ஜெபம்னா மத்தியானம் 3 மணிதான், அதுவும் 40 நிமிசம், ஒரு அக்கா சட்னிக்கு தேங்கா திருவிக்கிட்டே பாட்டு பாடும். வெளிய இருந்து வந்தா இந்த நேரமெல்லாம் எப்படிப் பிடிபடும்

சாயர்புரம் சித்தி: ஏட்டி நீ ஒரு நல்ல சாப்பாடு சாப்பிடுதியா. போட்டோல ரொம்ப மெலிஞ்சிருக்க

பாப்பா மும்பை: ஆச்சி அம்மா மெலியல போட்டோதான் ஃபில்டர் 😂

பெரியண்ணன்: பாப்பா நீ படிக்கலியா, இந்த வருசம் பத்தாப்பு

பாப்பா மும்பை: மாமா எங்க படிக்க? நான் வாய்ஸ் டைப்பிங்ல பேசுறேன், எனக்கு தமிழ் எழுத வராது, தப்பா வந்தா மாஃப் கரோ. எங்க வீட்டுல எப்பவும் யாராவது இருப்பாங்க. நேத்து கூட ஒரு ஆன்ட்டி புருசன் கூட சண்டை போட்டுட்டு ரெண்டு பிள்ளைங்களோட வந்துட்டாங்க, என் பெட்ஷீட் போச்சு. நான் சாவி வாங்கிட்டு பட்டறை மேல சர்ச்லதான் படிக்கிறேன், பசை நாத்தம் வரும் பட் சலேகா, பரவால்ல

பெரியண்ணன்: பாத்தியா. இதுக்குத்தான் சொல்லுதேன். பிளஸ் ஒன்னுக்காவது இங்க அனுப்பு, இல்ல சின்னவனையும் சேத்து டோனாவூர்ல மிஷனெரி பிள்ளைங்க படிக்கிற ஸ்கூல்ல விடு. உங்க ஊழியத்துக்குப் பிள்ளைங்க ஏன் கஷ்டப்படணும்

மும்பை அக்கா: அத யோசிக்காம இருக்கோம்னு நினைக்கீங்களா அண்ணே. காட்டுக்குள்ள ஸ்கூலே இல்லாத பணித்தளத்துல இருக்கவங்களுக்கு ஹாஸ்டல விட்டா வழி கிடையாது, அதான் அங்க அனுப்புதாவ. இங்க நல்ல ஸ்கூல் நடந்து போற தூரம். எங்களுக்கு இல்லாதது ஒரு மேசை போட இடம், அவ்வளவுதான்

பாப்பா மும்பை: ஹாஸ்டல் நக்கோ, வேண்டாம். நான் போயிட்டா சர்ச்ல கீபோர்டு யாரு வாசிப்பா? பாட்டு ஸ்லைடு யாரு போடுவா? எங்க யூத்ல பாதி பேருக்கு தமிழ் பேச வரும் படிக்க வராது, கீர்த்தனை எல்லாம் நான்தான் இந்தி எழுத்துல அடிச்சுக் குடுக்கிறேன்

அப்பா: கீர்த்தனையை இந்தி எழுத்திலா

பாப்பா மும்பை: ஆமா தாத்தா. ழ வராம எல்லாரும் ல ல ன்னு பாடுவாங்க. நல்லாத்தான் இருக்கும்

நான்: பக்கத்துல பிரச்சினை ஒன்னும் வர்றதில்லையா அக்கா? நியூஸ்ல ஜெபக்கூட்டத்துல தகராறுன்னு பாக்கும்போது பயமா இருக்கு

மும்பை அக்கா: எப்பவும் ஒரே மாதிரி இருக்காது. மைக் வைக்க மாட்டோம். வந்த புதுசுல டியூசனுக்குப் பிள்ளைய அனுப்புன ஒரு அம்மா நேராவே கேட்டாங்க, மதம் மாத்துவீங்களான்னு. டியூசன்ல கணக்கும் இங்கிலீசும் மட்டும்தான், ஜெபத்துக்கு வரணும்னா நீங்களா வந்தாத்தான்னு சொன்னேன். அந்தப் பிள்ள இன்னும் டியூசன் வருது, அவங்க ஜெபத்துக்கு வந்ததில்ல, மழைல எங்க கூரைத் தார்ப்பாய் பறந்தப்ப ஏறிக் கட்டுனது அவங்க வீட்டுக்காரருதான். விநாயகர் சதுர்த்தி நடத்துற மண்டல் பசங்களும் அன்னைக்கு கூட வந்தாங்க

மும்பை அத்தான்: மாமா நீங்க அசரியா ஐயரச் சொன்னதால சொல்றேன். அவர் பிஷப் ஆனது 1912. தெலுங்கு தேசத்துல அவரோட தலைமை ஆலயம், தோர்ணக்கல் கதீட்ரல், பிரதிஷ்டை ஆனது 1939. 26 வருசத்துக்கு மேல அவருக்கு கதீட்ரலே கிடையாது. அதுக்குள்ள சபை எத்தனை கிராமத்துல முளைச்சிட்டு

நான்: அத்தான் 🔥

அப்பா: 1939 ஜனவரி 6. அது எனக்கும் தெரியும் மாப்பிள்ளை

அப்பா: பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று என் அப்பா சொல்வார். சரி. பெரியவனே கமிட்டியில் நான் பேசட்டுமா

பெரியண்ணன்: நீங்க பேசுனா வேற மாதிரி ஆயிரும் அப்பா. நானே பேசுதேன். ஆனா ஒன்னு எல்லாரும் புரிஞ்சிக்கிடணும், நான் பேருக்கு அலையல. கல்லு போட்டாத்தான் அடுத்த வருசம் சனம் குடுக்கும். வாடகைன்னு குடுத்தா அது கண்ணுக்குத் தெரியாது, 11 மாசத்துல கரைஞ்சு போயிரும், அடுத்த வருசம் திரும்பவும் வாடகையான்னு கேப்பாவ, நான்தான பதில் சொல்லணும்

மும்பை அக்கா: அது நிசம்தான் அண்ணே. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. இங்க வாடகை வருசா வருசம் வரத்தான் செய்யும்

துபாய் அண்ணன்: நான் இங்க எங்க ஃபெல்லோஷிப்ல வசூல் பண்ணி அனுப்புதேன், மலையாளி பிலிப்பினோ எல்லாரும் குடுப்பாங்க, டெபாசிட் முடிஞ்சிரும்

மும்பை அத்தான்: வேண்டாம் மச்சான், ப்ளீஸ். எங்க மிஷனுக்கு எஃப்சிஆர்ஏ கிடையாது. வெளிநாட்டுப் பணம்னா பதிவு வேணும், டெல்லில ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச் அக்கவுண்ட்லதான் வாங்கணும். நீங்க இந்திய பாஸ்போர்ட், உங்க சம்பளத்துல மிச்சம் பிடிச்சத பேங்க் வழியா அனுப்புனா அது வெளிநாட்டுப் பணக் கணக்குல வராது. வசூல் பண்ணி ஒன்னா அனுப்புனா நாங்க மாட்டிக்கிடுவோம்

துபாய் அண்ணன்: அப்ப என் சம்பளந்தான் மாட்டும்னு சொல்லுங்க 😂 சரி பாக்கேன்

திங்கள்

பெரிய மதினி: எல்லாருக்கும் தோத்திரம். நேத்து ஃபுல்லா வாசிச்சேன், வேலைல பதில் போட முடியல. பெண்கள் ஐக்கிய சங்கத்துல கைப்பிடி அரிசி எடுக்கோம்லா, உலைல போடுமுன்ன ஒரு பிடி எடுத்து தனியா வைக்கது, மாசக் கடைசில எல்லார் வீட்டு அரிசியையும் சேத்து வித்து மிஷனுக்கு அனுப்புதோம். என் மாமியார் காலத்துல இருந்து நடக்கு. அதுக்கு யாரும் கல்லு கேட்டதில்ல, ரசீது கூட ஒழுங்கா வாங்குனதில்ல. இந்த வருசம் எந்த ஊழியத்துக்கு அனுப்பன்னு இன்னும் முடிவாகல. மாசம் ஆறாயிரம் ஏழாயிரம் வரும். வாடகைல பாதிக்கு ஆகும். நாளைக்கு சங்கக் கூட்டம், நான்தான் செக்ரட்டரி

பெரியண்ணன்: இத ஏன் என்கிட்ட ராத்திரி சொல்லல

பெரிய மதினி: நீங்க கல்வெட்டு டைப் பண்ணிட்டு இருந்தீங்க

துபாய் அண்ணன்: 😂😂😂😂

சாயர்புரம் சித்தி: எங்க சபைலயும் கேக்கேன் மக்களே. எங்க ஊர்ல அரிசி கம்மியாத்தான் வரும், ஆனா கேக்கேன்

மும்பை அக்கா: மதினி என்ன சொல்லன்னே தெரியல

பெரிய மதினி: ஒன்னும் சொல்லாண்டாம். பாப்பாவுக்கு அந்த சர்ச் ரூம்ல ஒரு மடக்கு மேசை வாங்கிப் போடு முதல்ல. அக்கவுண்ட் நம்பர் அனுப்பு, உன் பேர்ல உள்ளது வேண்டாம், மிஷன் பேர்ல உள்ளது. ஆடிட்டர் கேப்பாரு

மும்பை அத்தான்: அக்கா அனுப்பிட்டேன். பான் நம்பரும் சேத்து

பெரியண்ணன்: 3 லட்சத்துக்கு இன்னைக்கு சாயங்காலம் ஐயர்ட்ட பேசுதேன். டெபாசிட்டுன்னு சொன்னா கொஞ்சம் ஒத்துக்கிடுவாவ, அது திரும்பி வர்ற காசுதான மாப்ள?

மும்பை அத்தான்: காலி பண்ணும்போது திரும்பி வரும் மச்சான். வேற ரூமுக்குப் போனா அதையே அங்க கட்டிக்கலாம்

பெரியண்ணன்: அப்ப அது முதலீடு. அப்படியே சொல்லுதேன். ஓனர் கையெழுத்துப் போட்ட பேப்பர் ஒரு காப்பி வேணும். கல்லுதான் இல்ல, சபை பேருக்கு ஒரு ரசீதாவது தருவீங்கல்லா?

பாப்பா மும்பை: மாமா ரசீது நான் கம்ப்யூட்டர்ல டிசைன் பண்ணித் தாரேன். கமிட்டி பேரு எல்லாம் போடணுமா

பெரியண்ணன்: போடு. இன்னைக்குள்ள லிஸ்ட் அனுப்புதேன்